லேன் கார்டு போச்சு என்றார்கள், போனது என் 4,350 ரூபாய்

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வயிறு எரிகிறது, தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் குடோன் கம்ப்யூட்டரில் நெட் இல்லை. மூலையில் மஞ்சள் முக்கோணம். துணி ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது, சரக்கு அனுப்புவதற்கான ஈ-வே பில்லை நெட்டில் போட்டாக வேண்டும். சிபியூவை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினேன்.

"உக்காருங்ணா, டீ சொல்லட்டுங்களா" என்றான் பையன். மூடியைக் கழற்றி ப்ளோயரால் ஊதினான். கடை முழுக்கப் பஞ்சு. "பாத்தீங்களாங்ணா, தறிப்பஞ்சு ஏறி லேன் கார்டு செத்துப்போச்சு. புதுசு போட்டு, விண்டோஸும் ஏத்தித் தந்தர்றனுங்." நெட் வயரைச் சொருகுகிற பாகத்தைத்தான் லேன் கார்டு என்கிறான். அங்கேதான் விழுந்தேன். எங்கள் குடோனில் சாமி படத்தின் மேலேயே பஞ்சுதான், நம்பாமல் என்ன செய்வது? கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த பழைய சாக்கெட்டில் அவன் ஒரு வயரைச் சொருகிக்கூடப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. 4,350 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் 'சர்வீஸ்' என்று கிறுக்கிக் கொடுத்தான்.

குடோனுக்கு வந்து மாட்டினால் அதே மஞ்சள் முக்கோணம். விண்டோஸை மறுபடி ஏற்றியதில் டெஸ்க்டாப்பில் இருந்த கூலிக் கணக்கும் காணோம்! போன் போட்டேன். "கடையில ஓடுச்சுங்களே." மறுபடி போட்டேன். "ஓனர் கோயமுத்தூர் போயிருக்காருங்." நேரில் போனால் ஓனரே உட்கார்ந்திருக்கிறார்: "மாட்டின கார்டத் திரும்ப எடுக்கறதில்லீங்." அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை.

கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக் கல்லூரிப் பையன் தன் லேப்டாப்பில் அதே வயரைச் சொருகினான். அதிலும் நெட் இல்லை. கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தான், நெட்டுக்கான முகவரி எண்ணைக் காட்டுகிற கட்டளையாம். 169.254 என்று ஆரம்பிக்கும் எண் வந்தது. "ரவுட்டர் முகவரி தரலீங்க மாமா. யாரும் தராதப்ப கம்ப்யூட்டர் தானா வெச்சுக்கற நம்பருங்க இது" என்றான். என் கம்ப்யூட்டரிலும் அதே 169.254. கார்டு முழுசாகச் செத்திருந்தால் இந்த எண்ணே வந்திருக்காதாம். ரவுட்டரை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போட்டான். ரவுட்டர் தருகிற முகவரி 192.168 என்று வந்தது, நெட்டும் வந்தது. அந்த 'செத்துப்போன' பழைய சாக்கெட்டில் சொருகினோம், அதிலும் ஜம்மென்று ஓடுகிறது.

குடோன் கேமரா அதே ரவுட்டரில் ஓடிக்கொண்டிருந்ததால் ரவுட்டரை நான் சந்தேகப்படவே இல்லை. கேமராவுக்கு முகவரியை நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறார்களாம், அது ரவுட்டரிடம் கேட்டு வாங்குவதில்லையாம். ஒரு சுவிட்சை அணைத்துப் போடுகிற வேலைக்கு 4,350 ரூபாய்!

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரவில்லை. முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். அதே வயரில் வேறு லேப்டாப்பைச் சொருகிப் பாருங்கள். அப்புறமும் கடைக்குப் போவதென்றால் கணக்கையெல்லாம் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள், துண்டுச் சீட்டு வாங்காதீர்கள். நாளைக் காலையில் மச்சானைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு இன்னொரு தடவை போகிறேன்.