பழைய முதுகுவலியை மறைக்கச் சொல்லும் ஏஜெண்டிடம் விபத்து கேஸைக் கொடுக்காதீர்கள்

விபத்தில் அடிபட்டவருக்கு ஏற்கெனவே முதுகுவலியோ மூட்டுத் தேய்மானமோ இருந்தது என்று தெரிந்தால் போதும், "அதை வெளியே சொல்லாதீங்க, சொன்னா இழப்பீடு வராது" என்று பயமுறுத்த ஆஸ்பத்திரி வாசலுக்கே ஆள் வந்துவிடும். அப்படி வந்த ஒருவரால் என் அண்ணனுக்கு வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணன் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். வயது 46. சில வருடங்களுக்கு முன் பாரம் தூக்கி கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியது. பிசியோதெரபி எடுத்தார், சரியானது, மறுபடி வேலைக்குப் போனார். ஓவர்டைம்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தி ரோட்டில் பைக்கில் வந்தவரைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. முதுகெலும்பில் அந்த இடத்துக்கு மேலே இருக்கும் எல்1 எலும்பு நசுங்கி முறிந்துவிட்டது.

வார்டில் சேர்த்த மறுநாளே அந்த ஏஜெண்ட் வந்தார். ஒரு வக்கீல் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். "தம்பி, கேஸ் போட ஆறு மாசம்தான் டைம். இப்பவே கையெழுத்து வாங்கிக்கறேன்" என்றார். 2022 ஏப்ரல் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 6 மாத வரம்பு இருப்பது உண்மை. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது. ஆனால் 6 மாதம் என்பது, எழுந்து உட்கார முடியாமல் படுத்திருப்பவரிடம் வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வாங்குவதற்கான காரணம் இல்லை. அதையும் வாங்கினார்கள், எம்.ஆர்.ஐ. ஃபிலிம்களையும் ஒரிஜினலாகவே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணிதான் பழைய வட்டுப் பிரச்சினையைச் சொன்னார். "அதப் பத்தி வாயே திறக்காதீங்கம்மா. கேஸ் நிக்காது" என்று பதில் வந்தது. மனு ஆங்கிலத்தில் தயாரானது. யாரும் வாசித்துக் காட்டவில்லை. அதில் அண்ணன் விபத்துக்கு முன் 'ஹேல் அண்ட் ஹெல்தி', எந்த நோயும் இல்லாதவர் என்று இருந்தது எங்களுக்குத் தெரிந்ததே சாட்சி சொல்லப் போன அன்றுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "இது உங்க கையெழுத்துதானே?" "ஆமாங்க." "எந்த நோயும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க?" அண்ணன் தலையாட்டினார். அப்புறம் அந்த வக்கீல் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தை நீட்டினார். சேர்த்த அன்று ராத்திரியே டியூட்டி டாக்டர் எழுதிய வரி: ஏற்கெனவே எல்4-எல்5 வட்டுப் பிரச்சினைக்குச் சிகிச்சை எடுத்தவர். மறைக்கச் சொன்ன விஷயம் முதல் நாளிலேயே காகிதத்தில் ஏறியிருந்தது. அண்ணன் எங்கள் தரப்பு வக்கீல் மேஜையைப் பார்த்தார். சீனியர் வக்கீல் வரவில்லை. வந்திருந்த ஜூனியர் பையனிடம் அன்றைக்கு வேறு கேஸ் கட்டுகளும் இருந்தன, இந்தக் கட்டை அவர் படிக்கவே இல்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அப்படி வெறுங்கையோடு அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

அதற்குப் பிறகு எல்1 முறிவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எல்லாமே பழைய தேய்மானம், பொய் சொல்லிப் பணம் கேட்கிறார் என்று வாதம் போனது. இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அதே எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இரண்டும் தனித்தனியாக எழுதியிருந்தது. எல்4-எல்5-இல் தேய்மானம். எல்1-இல் முறிவு, கூடவே எலும்பு மஜ்ஜையில் நீர்வீக்கம். புதிதாக முறிந்த எலும்பில் அந்த வீக்கம் தெரியும், பல வருடத்துக்கு முன் முறிந்து ஆறிய எலும்பில் பொதுவாக இருக்காது. சிகிச்சை அளித்த டாக்டரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்து இதை ஒரு கேள்வியாகக் கேட்டிருந்தால், பழையது எது, கார் இடித்ததால் வந்தது எது என்று அங்கேயே பிரிந்திருக்கும். பழைய ஸ்கேனையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இன்னும் பலம். விபத்துக்கு முன் எல்1 நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சட்டமும் அண்ணன் பக்கம்தான் இருந்தது. ஏற்கெனவே பலவீனமாக இருந்தவரை இடித்துவிட்டு, "நல்ல உடம்பாக இருந்திருந்தால் இவ்வளவு அடிபட்டிருக்காது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பழைய நோய்க்கு மட்டும் இழப்பீடு கிடையாது, விபத்தால் வந்ததற்கும் கூடியதற்கும் உண்டு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: டாக்டர் தரும் ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எது முடியும், எது முடியாது என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் டர்னருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பட்டறைச் சம்பளப் பதிவேடும் ஓவர்டைம் கணக்கும் போதும், பழைய வலி அவர் வேலையைத் தடுக்கவில்லை என்று காட்ட. முதலாளி வந்து சொல்லத் தயாராகவே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில், "மக்கள் நீதிமன்றத்துல முடிச்சுக்கலாம், இல்லன்னா இதுவும் வராது" என்றார்கள். 12 லட்சம் கேட்டுப் போட்ட கேஸ் 2 லட்சத்து 10 ஆயிரத்தில் முடிந்தது. அதிலும் 70 ஆயிரத்தை அந்த வெற்றுக் காசோலை வழியாக எடுத்துக்கொண்டார்கள். கேஸை விசாரித்த விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டிருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை. இதை அங்கே கையெழுத்து வாங்கும்போது எங்கள் தரப்பில் ஒருவரும் சொல்லவில்லை. கிடைக்கும் தொகையில் இவ்வளவு பங்கு என்று வக்கீல் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடை செய்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: டாக்டரிடம் பழைய நோயை முழுதாகச் சொல்லுங்கள், சிகிச்சைக்கே அது தேவை. ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, புது ஸ்கேன், பழைய ஸ்கேன் எல்லாவற்றிலும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அதை மட்டும் கொடுங்கள். வக்கீலை நேரில் பார்த்துப் பேசாமல் வக்காலத்தில் கையெழுத்து வேண்டாம். பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்கு அழைத்தால் போதும்.

ஏற்கெனவே மனு போட்டு, அதில் நோயே இல்லை என்று எழுதியிருந்தால், சாட்சி சொல்வதற்கு முன்பே திருத்த மனு போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வக்கீலை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. "ஃபீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்" என்று பிடித்துவைக்கவும் முடியாது, உச்ச நீதிமன்றம் 2000-லேயே அதைச் சொல்லிவிட்டது.