அரசுக் கட்டடத்தில் ரேடான் குறைப்பு: இரண்டு ஒப்பந்தகாரர்களின் வேலை பற்றி

கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தில், ரேடான் வாயுவைக் குறைக்கும் வேலையை மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களைக் கொண்டு செய்விக்க நேர்ந்தது. முதலாவது நிறுவனம் மிகக் குறைந்த விலை கேட்டது. அதன் வேலை பாதிக் கட்டடத்துக்கு மட்டுமே பயன்பட்டது. இரண்டாவது நிறுவனம் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை கேட்டது. அதன் வேலையில் எனக்குச் சில குறைகள் உண்டென்றாலும், கட்டடம் இப்போது பாதுகாப்பான அளவில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எந்த வேலைக்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக்கூடாது என்பதை என்னைப் போன்ற பொறுப்பில் இருக்கும் ஒருவர் தெரிந்துகொண்டால் போதும்.

ரேடான் நிறமோ மணமோ இல்லாத கதிரியக்க வாயு. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து இது பிறக்கிறது. அதன் அரைவாழ்வு 3.8 நாட்களே என்றாலும், தளத்து வெடிப்புகள் வழியாகக் கட்டடத்துக்குள் நுழைந்து தேங்குவதற்கு அந்தக் காலம் தாராளமாகப் போதும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு இதுவே காரணம் என்றும், கனடாவில் ஆண்டுக்கு 3,000-க்கு மேற்பட்டோர் இதனால் இறக்கிறார்கள் என்றும் கனடாச் சுகாதாரத் திணைக்களம் மதிப்பிடுகிறது. கனமீற்றர் காற்றுக்கு 800 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்றிருந்த வழிகாட்டு அளவை 2007-இல் அத்திணைக்களம் 200 ஆகக் குறைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் இயன்றால் 100 என்கிறது. 200-க்கும் 600-க்கும் இடையில் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், 600-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும் என்பது கனடாவின் அறிவுரை.

எங்கள் கட்டடம் 1960-களில் கட்டப்பட்ட ஒற்றைத்தள அலுவலகம். பின்னாளில் அதன் பின்புறத்தில் இன்னொரு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். பேஸ்மன்ட் கிடையாது, கொங்கிரீட் தளம் நேரே மண்ணின் மேல் கிடக்கிறது. ஒரு குளிர்காலத்தில், மண்ணைத் தொடும் தளத்தில் நாளுக்கு நான்கு மணிநேரத்துக்கு மேல் ஆட்கள் இருக்கும் ஒவ்வோர் அறையிலும் சிறு பிளாஸ்டிக் அளவிகளை வைத்து, மூன்று மாதத்துக்கு மேல் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஆவண அறையில் 740, பின்பகுதி ஆலோசனை அறைகளில் 380 முதல் 410 வரை, ஊழியர் உணவறையில் 260, முன்மண்டபத்தில் 100-க்கும் கீழ் என்று முடிவு வந்தது. ஆவண அறையில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், "அண்ணை, அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் இதைத்தானே சுவாசிச்சனாங்கள்?" என்று கேட்டார். "ஓம்" என்பதைத் தவிர நேர்மையான பதில் என்னிடம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கேள்விப்பத்திரம் என்று சொல்லிப் பழகிய அந்த டெண்டரை எழுதியதில்தான் எங்கள் முதல் பிழை இருக்கிறது. "ரேடான் அளவை 200-க்குக் கீழே கொண்டுவருதல்" என்று ஒற்றை வரியில் வேலையைச் சொல்லி, மொத்த விலை கேட்டோம். விலை குறைந்தவருக்கே வேலையைக் கொடுத்தோம். வந்த நிறுவனம் போலி நிறுவனமல்ல. கனடாவில் இத்தொழிலுக்குச் சான்றளிக்கும் தேசிய ரேடான் திறன் திட்டத்தின் சான்றிதழ் அவர்களிடம் இருந்தது. ஆனால் அவர்களுடைய அனுபவம் முழுவதும் வீடுகளில். ஒரு வீட்டில் தளத்துக்கு அடியிலுள்ள காற்றை இழுத்து வெளியே விடப் பெரும்பாலும் ஒரு குழி, ஒரு குழாய், ஒரு விசிறி போதும். பாதி நாளில் வேலை முடிந்துவிடும். அந்தக் கணக்கையே அவர்கள் எங்கள் கட்டடத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

முன்கூட்டிய ஆய்வு என்று அவர்கள் செய்தது அரைமணி நேரம் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்ததுதான். அளவு மிகக் கூடியது ஆவண அறை என்பதால் அங்கேயே துளையிடத் தீர்மானித்தார்கள். வேலை நாளன்று, பழைய ஒன்பது அங்குலத் தரை ஓடுகளின் மேல் துளைப்பானை வைக்கப் போனவரை நான்தான் நிறுத்தினேன். அக்காலத்து ஓடுகளில், தூளாகி மூச்சில் போனால் கேடு தரும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும் என்பது கட்டட வேலை செய்யும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. மாதிரி எடுத்துச் சோதிப்பதில் இரண்டு வாரம் போயிற்று. கொங்கிரீட்டுக்குள் மின்குழாயோ கம்பியோ ஓடுகிறதா என்று ராடார் கருவியால் பார்ப்பதும் அவர்களுடைய விலையில் சேர்க்கப்படவில்லை. அதை நாங்கள் தனியாகக் காசு கொடுத்துச் செய்வித்தோம். குழாய் ஒரு தீத்தடுப்புச் சுவரைக் கடந்து போன இடத்தில், நெருப்பில் விரிந்து துளையை அடைக்கும் வளையம் பொருத்தப்படவில்லை என்பதைப் பிறகு தீயணைப்புப் பரிசோதகர் கண்டுபிடித்தார்.

விசிறி ஓடத் தொடங்கி ஓரிரு நாள் கழிந்ததும் ஆவண அறையில் மட்டும் குறுகிய காலச் சோதனை செய்து, 90 என்று எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். அடுத்த குளிர்காலத்தில் எல்லா அறைகளிலும் மறுபடி அளவிகளை வைத்தபோது ஆவண அறையில் 120, உணவறையில் 190. பின்பகுதி அறைகளிலோ அதே 380. நிறுவனத்தை அழைத்தேன். உத்தரவாதம் விசிறிக்கும் குழாய்க்கும்தான், எண்ணுக்கு அல்ல என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி.

இரண்டாவது முறை டெண்டரை இரண்டாகப் பிரித்தோம். முதற்கட்டம் ஆய்வு மட்டும். அதற்குத் தனி விலை, தனி அறிக்கை. அறிக்கை கையில் வந்த பிறகே வடிவமைப்புக்கும் பொருத்துதலுக்கும் விலை. பெரிய கட்டடங்களில் வேலை செய்த சான்றைக் காட்டாதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்றும் எழுதினோம். கொள்முதல் பிரிவில் இதற்கு எதிர்ப்பு வந்தது; ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம் என்று ஒருவர் குறிப்பெழுதினார். உண்மையில் நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

புதிய நிறுவனத்தின் ஆய்வு முழுதாக இரண்டு நாள் எடுத்தது. இந்தச் சேவையின் உயிர் அந்த இரண்டு நாள்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ரேடானைக் குறைக்கும் முறை எளிமையானது: தளத்துக்கு அடியில் உள்ள காற்றின் அழுத்தத்தை அறையின் அழுத்தத்தை விடச் சற்றே குறைத்துவிட்டால், மண்காற்று அறைக்குள் ஏறாமல் குழாய் வழியாக வெளியே போய்விடும். சில பாஸ்கல் வித்தியாசமே போதும். ஆனால் அந்த உறிஞ்சல் தளத்தின் அடியில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். அதை அறிய ஒரு துளையில் உறிஞ்சு இயந்திரத்தை வைத்து, கட்டடமெங்கும் விரற்கனமுள்ள சிறு துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் நுண்ணழுத்தமானியால் அளந்து, தரை வரைபடத்தில் எண்களைக் குறித்தார்கள். முன்பகுதியில் உறிஞ்சல் நன்றாகப் பரவியது. பழைய பகுதிக்கும் பின்னால் சேர்த்த பகுதிக்கும் இடையே உள்ள கோட்டில் அது சட்டென்று சுழியமாகிவிட்டது. முன்பு வெளிச்சுவராக இருந்த சுவரின் அத்திவாரம் அங்கே தளத்துக்கு அடியில் அணைபோல் நிற்கிறது. முதல் நிறுவனத்தின் விசிறியை எவ்வளவு பெரிதாக்கியிருந்தாலும் அந்த அணையைத் தாண்டி இழுத்திருக்காது.

இதைவிட எனக்கு வியப்பளித்தவை வேறு இரண்டு. ஒன்று, பின்பகுதியின் தாழ்வாரத்து ஓரமாகத் தகட்டு மூடிகளுக்குக் கீழே ஓடும் வெப்பக்குழாய் வாய்க்கால். அதன் அடித்தரை வெறும் மண். எங்கள் மாகாணத் தலைநகரான வினிப்பெக்கின் சுற்றுவட்டாரத்து மண் பழைய பனிப்பாறை ஏரி ஒன்றின் அடியில் படிந்த களிமண். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சூடான குழாய்க்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்த களி, கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. காற்று போகும் திசையைக் காட்ட மெல்லிய புகை விடும் சிறு குழலை அதனருகே பிடித்தபோது புகை அறைக்குள் இழுபட்டதை நானே பார்த்தேன்.

மற்றது காற்றோட்ட இயந்திரம். மணிக்கு மணி அளவைப் பதியும் கருவிகளை ஒரு வாரம் வைத்ததில், பின்பகுதி அறைகளில் இரவு 2 மணிக்கு 900-ஐ நெருங்கும் எண், காலை 10 மணிக்குள் 200-க்குக் கீழே விழுவது தெரிந்தது. மின்செலவைச் சேமிக்க மாலை 6 மணிக்கு வெளிக்காற்று வாயிலை மூடி, காலை 8 மணிக்குத் திறக்கும்படி நேரம் குறித்திருந்தோம். கழிவறை விசிறிகள் மட்டும் இரவெல்லாம் ஓடிக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அதற்கு ஈடான காற்றைக் கட்டடம் மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொண்டது. வெளியே உறைகுளிர், உள்ளே சூடு என்பதால் மேலேறும் காற்றின் இழுவையும் சேர்ந்தது. மூன்று மாதச் சராசரி காட்டும் பிளாஸ்டிக் அளவி இரவையும் பகலையும் பிரித்துச் சொல்லாது. ஊழியர்கள் உண்மையில் சுவாசித்தது சராசரியை விடக் குறைவு என்ற அந்தச் செய்தியை ஆவண அறைப் பெண்ணிடம் சொன்னேன்; ஆனால் அவர் காலை 7 மணிக்கே வேலைக்கு வருபவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்குப் பிறகு வந்த வேலை நேரடியானது. பின்பகுதியில் இரண்டு உறிஞ்சுகுழிகள், அவற்றுக்குப் பொருத்தமான ஒரு விசிறி. வாய்க்காலின் மண் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் மூடிகளின் விளிம்பில் அடைப்பும். தளத்தின் வெடிப்புகளில் பசை. காற்றோட்ட இயந்திரத்தின் நேரத்தைக் காலை 5 மணிக்கு முன்தள்ளி, கழிவறை விசிறிகளை இரவில் நிறுத்தியது. முதல் நிறுவனம் விட்டுப்போன தீத்தடுப்பு வளையத்தையும் இவர்களே பொருத்தினார்கள். கடைசியில் கொதிகலனின் புகை உள்ளே திரும்பவில்லை என்பதைச் சோதித்து எழுதிக் கொடுத்தார்கள். தளத்தடிக் காற்றை இழுக்கும்போது வெடிப்புகள் வழியே அறைக் காற்றும் சேர்ந்து இழுபடலாம் என்பதால், இந்தச் சோதனையை விட்டுவிட்டால் ரேடான் போய்க் கார்பன் மோனொக்சைட் வந்து சேரலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. விசிறியை ஆலோசனை அறையின் சுவரை ஒட்டி வைத்ததால், அமைதியாகப் பேச வேண்டிய இடத்தில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு முறை கடிதம் எழுதிய பிறகே ரப்பர் இணைப்பு போட்டு அடக்கினார்கள். கழிவுக்குழாயைக் கூரைக்குக் கொண்டுபோகாமல் பக்கச் சுவர் வழியாக வெளியே விட்டது சரியான முடிவுதான். அமெரிக்காவில் கூரைக்கு மேலே விடுவது வழக்கம் என்றாலும், இங்குள்ள குளிரில் வெளியே நிற்கும் குழாய்க்குள் மண்ணின் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து வாயை அடைத்துவிடும். ஆனால் அந்த வாயை ஊழியர் நடைபாதைக்கு மேலே வைத்தார்கள். முதல் சனவரியிலேயே நடைபாதையில் பனிக்கட்டி படிந்து ஒருவர் வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக அடி பெரிதில்லை. வாயை இடம் மாற்ற மேலும் மூன்று வாரம் ஆயிற்று. இறுதி வரைபடங்களும் நான்கு மாதம் தாமதமாகவே வந்தன.

அடுத்த குளிர்கால அளவீட்டை வேலை செய்த நிறுவனத்திடம் கொடுக்காமல், அவர்களோடு தொடர்பில்லாத வேறொரு சான்றுபெற்ற அளவீட்டாளரிடம் கொடுத்தோம். தன் வேலைக்குத் தானே புள்ளி போடுபவரைப் பள்ளிக்கூடத்திலும் நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஆவண அறை 70, உணவறை 60, பின்பகுதி அறைகள் 55 முதல் 95 வரை; ஒரே ஒரு மூலை அறை மட்டும் 130. ஒப்பந்தத்தில் இம்முறை 200 என்றல்லாமல் 100 என்று எழுதியிருந்ததால், அந்த மூலை அறைக்காக நிறுவனம் மறுபடி வந்து, சுவரோரத்து இடைவெளியைத் தன் செலவில் அடைத்துக் கொடுத்தது. முதல் நிறுவனத்துக்கும் இரண்டாவது நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு திறமையில் மட்டுமல்ல, நாங்கள் எழுதிய அந்த ஒற்றை எண்ணிலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழாயில் பொருத்திய வளைந்த கண்ணாடிக்குழல் மானியில் இரண்டு பக்கத் திரவமும் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி நின்றுவிட்டது என்று பொருள். அதைத் துப்புரவுப் பணியாளர்கள் உட்பட எல்லோருக்கும் காட்டிக் கொடுத்து, மாதத்தின் முதல் திங்கட்கிழமை பார்த்துக் கையெழுத்திடும் தாள் ஒன்றை அதனருகே தொங்கவிட்டிருக்கிறேன். சென்ற நவம்பரில் அந்தத் தாளில் முதலில் கையெழுத்திட்டவர் ஆவண அறைப் பெண்தான். திங்கட்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை.