பரவிய பெருங்குடல் புற்றுநோய்: மரபணுச் சோதனையா, ஆர்கனாய்டு சோதனையா?

பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெரும்பாலும் ஃபோல்ஃபாக்ஸ் அல்லது ஃபோல்ஃபிரி என்னும் கூட்டு மருந்தில் தொடங்குகிறது. ஃப்ளூரோயூராசில் இரண்டிலும் உண்டு. முன்னதில் அதனுடன் ஆக்ஸாலிபிளாட்டினும் பின்னதில் இரினோடெக்கானும் சேர்கின்றன. எதை முதலில் கொடுத்துப் பின்னர் மற்றதற்கு மாறினாலும் நோயாளிகளின் ஆயுட்காலத்தில் பெரிய வேறுபாடில்லை என்று 2004-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆனால் இன்ன நோயாளிக்கு எது பலிக்கும் என்பதை அந்தப் பொதுக் கணக்கு சொல்லாது.

கட்டியின் மரபணுச் சோதனை, எதைக் கொடுக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. கேராஸ், என்ராஸ் மரபணுக்களில் திரிபு இருந்தால், புற்றணுக்களின் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்துகளான செட்டுக்சிமாபும் பனிட்டுமுமாபும் பொதுவாகப் பயன்தருவதில்லை. ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடம் இத்திரிபு காணப்படுவதால், வீண் செலவையும் தோல் எரிச்சல் முதலிய துன்பங்களையும் தவிர்க்க இது ஒன்றே போதுமான காரணம். எம்.எஸ்.ஐ. (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதானதால் கட்டியில் தோன்றும் மரபணு நிலையின்மை) மிகுதியாக உள்ள சிறுபான்மையினருக்கோ, கீமோதெரபியைவிட நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப் மேலானது: 2020-இல் வெளிவந்த கீநோட்-177 ஆய்வில், நோய் முற்றாமல் கழிந்த இடைநிலைக் காலம் 8.2 மாதங்களிலிருந்து 16.5 மாதங்களாக உயர்ந்தது. எனினும் ஃபோல்ஃபாக்ஸா, ஃபோல்ஃபிரியா என்ற கேள்விக்கு இச்சோதனையில் விடை இல்லை.

அந்த விடையைத் தருவதாகச் சொல்வது ஆர்கனாய்டு முறை. பயாப்சியில் எடுத்த புற்றணுக்களை முப்பரிமாணச் சிறு கட்டிகளாக ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் மீது மருந்துகளைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் செலுத்திப் பார்க்கிறார்கள். 2018-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள், குறிப்பாக எந்த மருந்து வேலை செய்யாது என்று கணிப்பதில், பெரும் நம்பிக்கை தந்தன. அடுத்த ஆண்டு வந்த நெதர்லாந்து ஆய்வுதான் என் மதிப்பீட்டில் முக்கியமானது: இரினோடெக்கான் சார்ந்த சிகிச்சையின் பலனைச் சரியாகக் கணித்த அதே முறை, ஃப்ளூரோயூராசிலும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த கூட்டில் தோற்றது. முதற்கட்டத் தேர்வுக்கு வேண்டிய ஒப்பீட்டின் ஒரு பாதி இதனால் சரிந்துவிடுகிறது. திசு எல்லோருக்கும் வளர்வதில்லை, வளரவும் வாரங்கள் ஆகும். சாதாரண ஆர்கனாய்டில் இரத்த நாளமோ நோய் எதிர்ப்பணுவோ இல்லாததால், இரத்த நாள வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாபையோ பெம்ப்ரோலிசுமாபையோ சோதிக்கவும் இயலாது.

ஆகவே முதற்கட்டத்தில் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். ஆர்கனாய்டு முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. வழக்கமான மருந்துகள் தீர்ந்துபோனவர்கள் மருத்துவ ஆய்வொன்றில் சேர்ந்து அதை முயல்வது நியாயமானது.

இவ்விரண்டும் கட்டியைப் பற்றியவை. நோயாளியின் உடல் மருந்தைத் தாங்குமா என்பது வேறு. ஃப்ளூரோயூராசிலைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு வழக்கமான அளவே உயிரைப் பறிக்கக்கூடும். இந்த நொதிக் குறைபாட்டைக் கண்டறிய ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்த சோதனையை, முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் வலியுறுத்திக் கேளுங்கள்.