வேர்ட் திணறும் பழைய லேப்டாப்: ரேமா, லிப்ரே ஆபிஸா, எஸ்எஸ்டியா?

ஆய்வேடு தட்டச்சு செய்துகொடுப்பது என் தொழில். பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு பிரிண்டர், 2014-இல் வாங்கிய ஒரு லேப்டாப். இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. வேர்ட் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று ஒருநாள் போனில் அளந்து பார்த்தேன். 1 நிமிடம் 40 நொடி. தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வரலாம். தனியாக இருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. "அக்கா, ஒரே ஒரு வரி மாத்தணும்" என்று ஒரு மாணவி பக்கத்தில் வந்து உட்காரும்போதுதான் உறைக்கும்.

புதிது வாங்கக் காசில்லை. அதனால் ரேம் போட்டேன், வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸுக்கு மாறிப் பார்த்தேன், கடைசியில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எஸ்எஸ்டி கட்சி. அதற்கு வேகம் பாதிக் காரணம்தான்.

எதற்கும் காசு எடுக்கும் முன், தாமதம் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பு திறக்க, சேமிக்க நேரமாவது ஒரு வகை. விசையைத் தட்டி ஒரு நொடி கழித்து எழுத்து திரையில் வருவது வேறு வகை. முதல் வகையில், கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும், பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டாவது வகை பெரும்பாலும் வேர்டுக்குள்ளேயே இருக்கும் சிக்கல், அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

செலவில்லாத வைத்தியத்தில் குப்பைக் கோப்புகளை நீக்குவது, வேர்டோடு ஒட்டிக்கொண்டு ஓடும் தேவையில்லாத துணை நிரல்களை (ஆட்-இன்) நிறுத்துவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ். வேர்டுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் பிழை என்று நினைத்துச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே போகும். 200 பக்கம் என்றால் எத்தனை ஆயிரம் சொல்! ஒரு கட்டத்தில் பிழைகள் அதிகமாகிவிட்டன, இனிக் காட்ட முடியாது என்று அதுவே கைவிரித்துவிடும். முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, ரிவியூவில் லாங்குவேஜுக்குள் போய், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள். என் 240 பக்கக் கோப்பில் தட்டும்போது வந்த தாமதம் அதோடு போனது. அப்படியே ஆட்டோகரெக்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியையும் நிறுத்திவிடலாம். பாமினியில் சின்ன எம் தான் அ, பெரிய எம் ஆ. அம்மா என்று அடித்தால் ஆம்மா என்று நிற்கும்.

இன்னொன்று பிரிண்டர். பக்கத்தை அடுக்குவதற்கு வேர்ட் இயல்புநிலை பிரிண்டரின் டிரைவரிடம் விவரம் கேட்கும். அது நெட்வொர்க் பிரிண்டராக இருந்து அணைந்து கிடந்தால் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கும். பிடிஎஃப் ஆக அச்சிடும் பிரிண்டரை இயல்புநிலையாக வைத்துவிட்டு, அச்சிடும்போது மட்டும் உண்மையான பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதெல்லாம் செய்தும் திறக்கும் நேரம் 1 நிமிடம் 40 நொடியாகவே இருந்தது. கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி, "ரேம் போட்டா பறக்கும்க்கா" என்றார். 900 ரூபாய்க்கு இன்னொரு 4 ஜிபி போட்டார். பறக்கவில்லை. 1 நிமிடம் 25 நொடி ஆனது. குரோமில் பத்துப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு வேர்டுக்கும் போய்வருவது மட்டும் எளிதானது, அதை மறுக்கவில்லை. வாங்குவதென்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். நான்காம் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும், சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 சரிப்படாது. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண், அதனால் பயன்படுத்த முடியாது.

அப்புறம் லிப்ரே ஆபிஸ். இலவசம், நல்ல மென்பொருள், நானே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் வேர்டைவிட இலகுவானது என்ற நினைப்பில் போனால் ஏமாற்றம்தான். பழைய ஹார்டு டிஸ்க்கில் அதுவும் நிமிடக் கணக்கில்தான் திறந்தது. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் ஜாவாவை நிறுத்தினால் கொஞ்சம் பரவாயில்லை.

வேகத்தைவிட என்னைத் துரத்தியது பக்க எண். வேர்டில் 312 பக்கமாக இருந்த ஆய்வேடு அங்கே 319 ஆனது. கையால் அடித்த பொருளடக்கம் மொத்தமும் தப்பு. டைம்ஸ் நியூ ரோமன் இல்லாத கணினியில் அதே அகலம் கொண்ட லிபரேஷன் செரிஃப் எழுத்துரு வந்து சமாளிக்கும், காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ வரும். நம் தமிழ் எழுத்துரு லதாவுக்கு அப்படி ஒரு ஜோடி கிடையாது. அது இல்லாத இடத்தில் லோஹித், நோட்டோ என்று வேறு ஏதாவது தமிழ் எழுத்துரு வந்து உட்காரும், வரிக்கு வரி அகலம் மாறும். எழுத்துரு நிறுவியிருந்தாலும், லிப்ரே ஆபிஸ் தமிழ் போன்ற மொழிகளுக்கான எழுத்துருவைச் சிடிஎல் என்ற தனி அமைப்பில் வைத்திருக்கிறது. அங்கே மாற்றாவிட்டால் பலனில்லை. நெறியாளர், மாணவர், நான் மூவரும் ஒரே கோப்பை மாற்றி மாற்றித் திறக்கும் வேலைக்கு இது ஒத்துவரவில்லை. தனக்காக மட்டும் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. லினக்ஸோடு சேர்த்து மாறினால் நிலைமை வேறாக இருக்கலாம். அத்தை மகன் லேப்டாப்பில் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸைப் போட்டு இரண்டு நாள் பார்த்தேன், விறுவிறுப்பாகத்தான் இருந்தது. இரண்டு நாள் பழக்கத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. பழைய வேர்ட் 2007 போடச் சொன்னவர்களும் உண்டு. அது இலகுதான், ஆனால் அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2017-லேயே முடிந்துவிட்டது. ஊரார் பென்டிரைவ் எல்லாம் செருகும் கணினியில் அதை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கடைசியாக 240 ஜிபி எஸ்எஸ்டி. அப்போது 1,700 ரூபாய், விலை ஏறி இறங்கும், கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட அன்று வேர்ட் திறந்த நேரம் 9 நொடி. போனில் நின்ற எண்ணை நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. வேண்டிய இடத்துக்கு முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்துதான் படிக்க முடியும். நொடிக்கு நூறு இடத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். வேர்ட் திறக்கும்போது எழுத்துருக்கள், டெம்ப்ளேட், ஆட்-இன் என்று சின்னச் சின்னதாக எத்தனையோ கோப்புகளைத் தேடுகிறது, அதே நேரம் ஆன்டிவைரஸும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அந்தக் காத்திருப்பும் இல்லை. ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கைத்தான் துணைக்கு எடுத்துக்கொள்ளும். அந்த டிஸ்க் வேகமானால் ரேம் போதாமையும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 400 பக்கக் கோப்பில் தட்டும்போது வரும் தாமதம் எஸ்எஸ்டி போட்டும் போகவில்லை. அதற்குப் பக்க அமைப்பைக் காட்டாத டிராஃப்ட் வியூவும், இயலுக்கு ஒரு கோப்பு என்று பிரிப்பதும்தான் வழி.

வேகம் போகட்டும். பழைய கணினிக்குச் செலவு செய்யும்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கணினி செத்தால் இந்தக் காசு என்ன ஆகும் என்பது. சாகும் தேதி ஒருவகையில் ஏற்கெனவே குறிக்கப்பட்டதுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் கணக்கு. 2014 லேப்டாப் அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

என் லேப்டாப் அதுவரைகூட நிற்கவில்லை. ஒரு மழைநாளில் மதர்போர்டு போனது. மறுநாள் ஒரு ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஆறாம் தலைமுறை டெஸ்க்டாப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கி, எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டினேன். பயாஸில் (கணினி எழும் முன் வரும் அமைப்புத் திரை) பூட் முறையை மட்டும் பழையபடி மாற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிடம் டிரைவர்களைத் தேடிக்கொண்டிருந்துவிட்டு, என் பாமினி, என் டெம்ப்ளேட், பாதியில் நின்ற நான்காம் இயல் எல்லாவற்றோடும் விண்டோஸ் எழுந்து வந்தது. ஆக்டிவேஷனை மட்டும் புதிதாகக் கேட்டது. அந்த 900 ரூபாய் ரேம்? மேசை இழுப்பறையில் பாலிதீன் உறையில் கிடக்கிறது. புதிய கணினி டிடிஆர்4 என்ற அடுத்த தலைமுறை ரேமுக்கானது, அதன் பலகையில் இதன் பள்ளமே பொருந்தாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை மட்டுமே இருக்கும், 2.5 அங்குல எஸ்எஸ்டி உள்ளே போகாது. அப்போதும் யுஎஸ்பி உறை ஒன்று வாங்கிப் போட்டால் வெளி டிஸ்க்காக வேலை செய்யும். எஸ்எஸ்டி எத்தனை வருடம் உழைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இரண்டு வருடப் பழக்கம்தான். ஹார்டு டிஸ்க்காவது போகும்முன் சில நேரம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். இது பெரும்பாலும் சொல்லாமல் போகும் என்பதால், கழற்றிய பழைய 500 ஜிபியை உறையில் போட்டு வாரம் ஒருமுறை நகல் எடுத்து வைக்கிறேன்.

2 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கணினி என்றால் என் வரிசை மாறும். எதிர்வீட்டுப் பையனின் லேப்டாப் அப்படித்தான். விண்டோஸ் எழுந்து உட்காரவே 2 ஜிபி சரியாகிவிடும், அங்கே எஸ்எஸ்டி மட்டும் போட்டு மாளாது. முதலில் ரேம் போடு, அதுவும் யாரிடமாவது சும்மா கிடந்தால் கேட்டு வாங்கு என்றேன். என் இழுப்பறையில் ஒன்று கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் லேப்டாப்பும் நான்காம் தலைமுறைதான், பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.