முதல் 100 டர்னுக்காகவே வாங்கலாம்: சிவிலைசேஷன் 6

நாடு கட்டி ஆளும் கணினி ஸ்ட்ராட்டஜி கேமான சிவிலைசேஷன் 6 வந்தது 2016 அக்டோபரில். 2025இல் ஏழாம் பாகமும் வந்துவிட்டது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பத் திறப்பது ஆறைத்தான், அதுவும் பெரும்பாலும் முதல் 100 டர்னுக்காக (டர்ன் என்றால் ஆட்டத்தில் ஒரு சுற்று). ஸ்டாண்டர்ட் வேகத்தில் முழு ஆட்டம் 500 டர்ன் வரை போகும். அதில் தொடக்கத்திலேயே பக்கத்து நாட்டைப் பிடித்து நிலத்தை விரித்துக்கொள்ளும் அந்தப் பகுதி கொடுக்கும் பரபரப்பு எனக்கு வேறு எந்த ஸ்ட்ராட்டஜி கேமிலும் கிடைத்ததில்லை, அதனால் இந்த விமர்சனம் முழுக்க அதைப் பற்றித்தான்.

ஐந்தாம் பாகம் ஆடியவர்களுக்கு நினைவிருக்கும், புதிதாக ஒரு நகரம் சேர்த்தால் நாடு முழுவதன் மகிழ்ச்சியும் இறங்கும், ஆராய்ச்சிச் செலவு ஏறும், அதனால் நான்கு நகரத்தோடு பேசாமல் உட்கார்ந்திருப்பதே பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆறில் அந்தத் தளையை எடுத்துவிட்டார்கள். நகரங்கள் கூடக்கூட நல்லதுதான். ஆனால் புது நகரம் அமைக்கப் போகும் செட்லரின் விலை 80 உற்பத்திப் புள்ளியில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் ஏறிக்கொண்டே போகும், செய்கிற நகரத்தில் மக்கள்தொகையும் ஒன்று குறையும். பக்கத்து ராஜா கட்டிவைத்த நகரத்திலோ ஆட்கள் இருப்பார்கள், வயல் இருக்கும், சில நேரம் டிஸ்ட்ரிக்ட் என்ற சிறப்புப் பகுதி ஒன்றும் தயாராக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் படை திரட்டுவதுதான் மலிவு.

இதைப் பழக, நாம் தேர்ந்தெடுத்து ஆடும் தலைவர்களில் மிகச் சிறந்த ஆள் சுமேரியாவின் கில்கமெஷ். அவருடைய வார் கார்ட் என்ற போர் வண்டிக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை, முதல் டர்னிலிருந்தே செய்யலாம். சாதாரண வாரியரின் பலம் 20, இதற்கு 30. ஒவ்வொரு படைக்கும் உயிர் 100 புள்ளி, சம பலத்தில் ஓர் அடிக்குச் சுமார் 30 போகும், 10 பலம் கூடினால் அதுவே 45 பக்கம் வந்துவிடும். அதாவது மூன்று அடியில் ஓர் எதிரி காலி. ஈட்டிக்காரர்களுக்குக் குதிரைப்படைமேல் இருக்கும் கூடுதல் பலமும் இதன்மேல் செல்லாது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும், ஊர் (Ur) என்ற பழைய சுமேரிய நகரத்துச் சித்திரப் பலகையில், சுமார் 4,500 வருடத்துக்கு முந்தையது, நான்கு சக்கர வண்டிகள் எதிரிகளை மிதித்துக்கொண்டு போவதைக் காணலாம், அதைப் பார்த்துவிட்டு இந்த வண்டியை ஓட்டும்போது மனம் ஒருமாதிரி நிறைந்துபோகும்.

போன வாரம் ஆடியதில் பக்கத்தில் ரோம், ட்ராஜன். அவர் இரும்பைக் கற்றுவிட்டால் 40 பலமுள்ள லீஜியன் காலாட்படை வரும், அதற்குள் முடிக்க வேண்டும். வேறு எதையும் கட்டாமல் நான்கு வார் கார்ட் செய்து அனுப்பினேன். நடுவில் குன்றும் காடும். ஐந்தாம் பாகத்தில் கொஞ்சம் நகர்வு மிச்சமிருந்தாலே குன்றில் ஏறிவிடலாம். இங்கே ஏறுவதற்கான முழு நகர்வும் கையில் இருந்தால்தான் ஏற விடும், அதனால் ஆற்றோரச் சமவெளியைச் சுற்றிக்கொண்டு போனேன். வழியில் துணையில்லாமல் நடந்துவந்த ரோமானியச் செட்லர் ஒன்றை அப்படியே பிடித்தேன். இலவசமாக ஒரு நகரம்! தொடக்கப் போரில் இதைவிடச் சந்தோஷமான தருணம் கிடையாது.

கில்கமெஷ் இல்லையென்றால் வழி கவண் எறியும் ஸ்லிங்கர்தான். மூன்று ஸ்லிங்கர் செய்து, ஒன்றால் ஒரு காட்டுமிராண்டியைக் கொன்றால் ஆர்ச்சரி (வில்வித்தை) ஆராய்ச்சி பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிடும். தங்கத்தைச் சேர்த்துவைத்து மூவரையும் ஒரேயடியாக வில்லாளிகளாக்குங்கள். அகோகி கொள்கை அட்டை போட்டால் இந்தப் படைகளைச் செய்யும் உற்பத்தி 50 சதவீதம் கூடும். ஆனால் வில்லாளிகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள், நகரத்தின்மேல் அவர்கள் அடி மிகவும் மெலிந்துவிடும், நகரத்துக்குள் நுழையவும் முடியாது. இரண்டு வாரியர் கட்டாயம் வேண்டும். இன்னொன்று, நகரத்தைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் அடைத்தால் அது ஒவ்வொரு டர்னும் தன்னைச் சரிசெய்துகொள்வது நின்றுபோகும். கைகலப்புப் படை பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து அடைக்கும், வில்லாளி தான் நிற்கும் கட்டத்தை மட்டும்தான் அடைப்பார். இது தெரியாமல் பலர் பத்து டர்ன் வீணாக்குகிறார்கள்.

எல்லாமே மதில் எழும்புவதற்கு முன்னால் நடக்க வேண்டும். மதில் இல்லாத நகரத்தால் திருப்பி எய்ய முடியாது. மதில் வந்தபின் ஒவ்வொரு டர்னும் ஓர் அம்பு உங்கள்மேல் விழும், இடிக்க பேட்டரிங் ராம் என்ற இடிமரம் கொண்டுவர வேண்டும், அதற்கு மேசன்ரி (கல்வேலை) ஆராய்ச்சியை முடிக்க வேண்டும்.

2018இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் இதில் விசுவாசத்தைச் சேர்த்தது. பிடித்த நகரம் ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் மக்களின் அழுத்தத்தைப் பார்த்து யார் பக்கம் என்று முடிவெடுக்கும், தனியாகத் தூரத்தில் ஒன்றைப் பிடித்தால் சில டர்னில் கலகம் செய்து போய்விடும். பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நகரத்தோடு நிற்காமல் அடுத்தடுத்து இரண்டு மூன்றைப் பிடித்து, கவர்னரை உட்காரவைத்து, பிடித்ததை நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது, அதனால் போருக்குப் பின்னான வேலைக்கும் அர்த்தம் வந்துவிட்டது. சரி, பணம் குறைவென்றால்கூட இந்த விரிவாக்கத்தை விடாதீர்கள். இந்தியாவின் தலைவராகச் சந்திரகுப்தரும் இதில்தான் வருகிறார். மிலிட்டரி டிரெய்னிங் என்ற பண்பாட்டு முன்னேற்றம் கிடைத்ததும் நில விரிவாக்கப் போர் அறிவிக்கலாம், முதல் பத்து டர்னுக்குப் படைக்கு இரண்டு நகர்வும் 5 பலமும் கூடும், கூடவே வாரு யானைகள். சோழர் வேண்டுமென்றால் ஏழாம் பாகத்துக்குத்தான் போக வேண்டும்.

குறை என்றால் ஒன்று பெரிது. உச்ச கடினமான டெய்ட்டியில் கம்ப்யூட்டர் மூன்று செட்லரோடு தொடங்குகிறது, ஒவ்வொரு சண்டையிலும் அதற்கு 4 பலம் கூடுதல். ஆனால் அந்த முன்னிலையைக் காக்கும் புத்தி அதற்கு இல்லை. வில்லாளிகளை முன்னால் நிறுத்தும், காயப்பட்டவரைப் பின்னுக்கு இழுக்காது. ஒரு பக்கத்து நாடு விழுந்துவிட்டால் ஆட்டம் பெரும்பாலும் உங்கள் கையில், மிச்சமிருப்பது நூற்றுக்கணக்கான கிளிக்குகள். நான் பாதியில் நிறுத்தி அடுத்த மேப்புக்குப் போய்விடுவேன்.

புதிதாக ஆடுபவர்கள் பான்ஜியா மேப் (ஒரே பெரிய கண்டம்), கில்கமெஷ், நடுத்தரக் கடினமான பிரின்ஸ் நிலை என்று வைத்துத் தொடங்குங்கள். நடுத்தரக் கணினியிலேயே ஓடும், அடிக்கடி பெரிய தள்ளுபடி வரும், அப்போது விரிவாக்கங்களையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.