இஎம்சிஎல்ஐ: கட்டளை வரியில் யூசர் உரிமை கொடுக்க ஏற்றதா?

குன்னூரில் தலைமை அலுவலகம், கோத்தகிரியிலும் கூடலூரிலும் தொழிற்சாலை என்று டேட்டாபேஸ் சிதறிக் கிடக்கும் தேயிலைக் கம்பெனிக்கு ஆரக்கிள் எண்டர்பிரைஸ் மேனேஜர் நல்ல கண்காணிப்பு மென்பொருள்தான். ஆனால் ஆடி மழையில் லைன் விட்டு விட்டு வரும்போது வெப் கன்சோலில் ஒவ்வொரு யூசருக்காகக் கிளிக் செய்வது பெரும்பாடு. அங்கே அதன் கட்டளை வரிக் கருவியான இஎம்சிஎல்ஐ கைகொடுக்கிறது.

முதலில் லாகின், அடுத்து சிங்க் (சர்வரோடு ஒத்திசைப்பது). பிறகு யூசரை உருவாக்கும் கிரியேட்_யூசர், உரிமை கொடுக்கும் கிராண்ட்_பிரிவ்ஸ். பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து எழுதாதீர்கள். அடித்த கட்டளைகளைப் பதிந்து வைக்கும் ஷெல் ஹிஸ்டரியில் அப்படியே தங்கும். லாகினில் எழுதாமல் விட்டால் அதுவே கேட்கும்.

கிராண்ட்_பிரிவ்ஸில் பலரும் சறுக்குவது அரைப்புள்ளியில். உரிமையின் பெயர், அரைப்புள்ளி, டார்கெட்டின் (கண்காணிக்கப்படும் டேட்டாபேஸ் போன்றவை) பெயர், வகை எல்லாம் ஒரே சரமாகப் போக வேண்டும். மேற்கோள் குறி விட்டுப்போனால் பாஷ் ஷெல் அரைப்புள்ளியிலேயே கட்டளையை வெட்டிவிடும். பின்பாதியை வேரியபிளுக்கு மதிப்பு வைப்பதாக எடுத்துக்கொண்டு, ஒரு எர்ரர்கூடக் காட்டாமல் விழுங்கிவிடும். டார்கெட் பெயரையும் கையால் அடிக்க வேண்டாம். கெட்_டார்கெட்ஸ் காட்டுவதை அப்படியே காப்பி செய்யுங்கள். வகை ‘டேட்டாபேஸ்’ அல்ல, ‘ஆரக்கிள்_டேட்டாபேஸ்’. பிடிபி (பிளக்கபிள் டேட்டாபேஸ்) என்றால் ‘ஆரக்கிள்_பிடிபி’.

தொழிற்சாலை ஆளுக்கு, பார்க்க மட்டும் விடும் வியூ_டார்கெட் உரிமை போதும். மின்தடை நாளில் அலாரத்தை நிறுத்தி வைக்க வேண்டியவருக்கு பிளாக்அவுட்_டார்கெட்டும் கொடுக்கலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஃபுல்_டார்கெட் கொடுத்தால் டார்கெட்டையே நீக்கும் அதிகாரமும் சேர்ந்து போய்விடும். ‘பப்ளிக்’ என்ற ரோலில் (ரோல் என்பது உரிமைகளின் தொகுப்பு) எந்த உரிமையும் வைக்காதீர்கள். சூப்பர் அட்மின் அல்லாத ஒவ்வொரு புது யூசருக்கும் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆள் கூடினால் தனித்தனியே கொடுப்பது வீண் வேலை. உறுப்பினர்களுக்கும் உரிமை பரவும் வகையில் குரூப் உருவாக்கி, அதன் உரிமையை ரோலில் வைத்து, கிராண்ட்_ரோல்ஸ் ஓட்டுங்கள். பின்னால் சேரும் டேட்டாபேஸுக்கும் உரிமை தானாகப் போய்ச்சேரும்.

குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் கிரானில் ஓட்டுவதுதான் கொஞ்சம் தொல்லை. செஷன் காலாவதியானால் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும். செட்அப் செய்யும்போதே ஆட்டோலாகின் கொடுத்தால் தீரும். ஆனால் லாகின் விவரம் அந்தக் கணினியிலேயே சேமிக்கப்படும், பொதுக் கணினியில் வேண்டவே வேண்டாம். ஜைத்தான் (ஜாவாவில் ஓடும் பைத்தான்) ஸ்கிரிப்ட் எழுதுவதானால் இஎம்சிஎல்ஐயின் அட்வான்ஸ்டு கிட் தேவை, சாதாரண கிட்டில் அது ஓடாது.

ஓரிரு டேட்டாபேஸ் மட்டும் இருந்தால் கன்சோலே போதும். அதற்கு மேல் என்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம். வேலையை விட்டுப் போனவருக்கு நேரடியாகக் கொடுத்த உரிமையை ரிவோக்_பிரிவ்ஸ் போட்டு அன்றைக்கே எடுத்துவிட முடிகிறது.