நெடுந்தீவிலிருந்து மின்னியலாளர் பயிற்சிக்குப் போன தம்பியின் அனுபவம்

போன வருடம் என் தம்பி யாழ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு அரச தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆறு மாத மின்னியலாளர் பாடநெறி படித்து முடித்தான். நாங்கள் நெடுந்தீவு. எங்கள் தீவுகளில் சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகளும் பெற்றோரும் நிறையப் பேர், அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம்.

படிப்பைப் பற்றிச் சொன்னால், மிக நல்ல படிப்பு. போதனாசிரியர் முதல் கிழமையே கையில் வயரையும் ரெஸ்ரரையும் கொடுத்து, பலகையில் ஒரு சுவிச்சும் பல்ப்பும் இணைக்க விட்டிருக்கிறார். விளக்கம் எல்லாம் தமிழில்தான், ஆனால் சாமான்களின் ஆங்கிலப் பெயரையும் கூடவே எழுதிப் போடுவார், இல்லாவிட்டால் கடையில் போய் எப்படிக் கேட்டு வாங்குவது? ஒருநாள் தம்பி எங்கள் ஊர் உப்புக்காற்றில் பிளக் பொயின்ற் எல்லாம் பச்சை பிடித்துப் போவதைப் பற்றிக் கேட்க, அன்று பின்னேரம் முழுக்க அதையே பாடமாக எடுத்தாராம். செம்பு அரித்து, இணைப்பு தளர்ந்து, அந்த இடம் சூடாகி, கடைசியில் எரிகிறது என்று படிப்படியாகக் காட்டியிருக்கிறார். அடுத்த முறை வீட்டுக்கு வந்ததும் தம்பி மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்தான், நிலத்துக்குப் போகிற எர்த் வயர் அடியில் அரித்து அறுந்தே போயிருந்தது, எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ தெரியாது. அதை மாற்றிய பிறகுதான் அம்மாவுக்கு இந்தப் படிப்பில் நம்பிக்கையே வந்தது.

கட்டணம் ஒரு ரூபாவும் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் செலவு வேறு இடத்தில் வருகிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம், அங்கே பஸ் ஏறி புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று நகரத்துக்கு வர இன்னொரு மணித்தியாலத்துக்கு மேல். வகுப்பு எட்டரைக்குத் தொடங்கும். தினமும் போய் வர முடியாது, நகரத்தில் அறை எடுக்கத்தான் வேண்டும். நிலையத்தில் விடுதி இல்லை. அறை வாடகையும் சாப்பாடும் சேர்ந்து அப்பா கடலுக்குப் போய்க் கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் தின்றது.

அப்புறம் வரவு விஷயம். ஆனி மாதம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்து மூன்று நாள் படகு ஓடவில்லை. வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்த தம்பி அப்படியே மாட்டிக்கொண்டான். மூன்று நாளும் வரவில்லை என்றுதான் பதிவானது. அலுவலகத்தில் போய்க் கதைத்தேன், மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் படகு நின்றதற்கு வைத்திய சான்றிதழ் கேட்டால் நான் எங்கே போவேன்? இறங்குதுறையில் ஒரு கடிதம் வாங்கி வந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வழி செய்து வைத்தால் போதும், இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

எனக்கு மிகவும் வலித்தது என் சித்தியின் மகளுடைய விஷயம். அவளும் இதே பாடநெறிக்கு விண்ணப்பித்தாள், நேர்முகத்திலும் எடுபட்டாள். தனியாக அறை எடுத்து விட வீட்டில் சம்மதிக்கவில்லை, சித்தியைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை. விடுதி இருந்திருந்தால் அவள் இன்று தம்பியோடு வேலைக்கு நின்றிருப்பாள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் விடுதி இருக்கிறது, பெண்பிள்ளைகளை அனுப்ப நினைக்கிறவர்கள் அங்கேயும் விசாரியுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தீவு நாட்டின் பிரதான மின்கட்டமைப்போடு இணைக்கப்படவில்லை, டீசல் ஜெனரேற்றரில்தான் காலம் போனது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய சக்தியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் செய்ய 2022இல் இந்தியாவுடன் ஒப்பந்தம் போட்டார்கள். அப்படியான ஒரு திட்டத்தைப் பராமரிக்க, பழுது பார்க்க, வீடுகளுக்கு இணைப்புச் செய்ய ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் நகரத்திலிருந்து ஒருவர் படகேறி வரவேண்டுமா, எங்கள் பிள்ளைகளே செய்யக்கூடாதா?

வகுப்பைத் தீவுக்கே கொண்டுவரலாமா என்று அந்தப் போதனாசிரியரிடம் கேட்டேன். அவர் தன் விடுமுறையில் இரண்டு சனிக்கிழமை வந்து, சனசமூக நிலையத்தில் வைத்துப் படிப்பித்துவிட்டுப் போனார். பதினான்கு பேர் வந்தார்கள், அதில் ஐந்து பேர் பெட்டையள். பலகையும் கருவிப்பெட்டியும் படகிலேயே வந்தன. இதை ஒரு நல்ல மனிதரின் விடுமுறையில் தொங்கவிடாமல், மாதத்தில் ஒரு கிழமை என்று நிலையமே செய்யலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள் வகுப்புக்கே போகாமல், செய்து காட்டி மதிப்பீட்டில் தேறினால் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். என் பெரியப்பா இருபது வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறார், தம்பி சொல்லித்தான் அவருக்கே இது தெரியவந்தது. இப்போது விண்ணப்பித்திருக்கிறார்.

சேர நினைக்கிறவர்களுக்கு: ஆட்களை எடுப்பது பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும். ஜனவரியைப் பாருங்கள், ஜூலையில் சேர்ந்தால் முதல் இரண்டு மாதமும் சோளகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, கிராம அலுவலர் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். நேர்முகத்துக்கு முதல்நாளே படகேறி வந்து நகரத்தில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள், அன்று காலைப் படகை நம்ப வேண்டாம்.